கார் ஸ்டிக்கரில் ஒரு பழைய வரைபடம்

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் சார் விடமாட்டார் என்று அன்றைக்கு முணுமுணுப்பீர்களே, அதே பழக்கம்தான். அவசரம் உள்ளவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

ஹங்கேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பினான். ஒரு காரின் பின்பக்கம். அதில் சிவப்பு, வெள்ளை, பச்சை நிறத்தில் ஒரு நாட்டின் வரைபடம் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. "சார், கொடி நிறம் ஹங்கேரிதான். ஆனா மேப் ஹங்கேரி மாதிரி இல்லையே, மூணு மடங்கு பெரிசா இருக்கு. இங்கே நிறைய கார்ல பார்க்கிறேன். கேட்டா ட்ரியனான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுறாங்க. என்ன சார் அது?" என்று கேட்டிருந்தான்.

பையன் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். வரைபடத்தில் கங்கையைக் குறிக்கச் சொன்னால் காவிரி பக்கம் கை போகும். அவன் இன்று ஒரு வரைபடத்தைப் பார்த்து "இது சரியில்லையே" என்று கேட்டதில் எனக்குப் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. அவனுக்குத் தனியாக எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுவிட்டது. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

1920 ஜூன் 4. பாரிஸ் அருகே வெர்சாய் அரண்மனை வளாகத்தில் ட்ரியனான் என்று ஒரு மாளிகை. முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி அங்கேதான் கையெழுத்துப் போட்டது. பழைய ஹங்கேரி ராஜ்ஜியத்தின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. குரோஷியாவை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் ஒரு கோடியே 82 லட்சம் பேர் இருந்த நாடு 76 லட்சம் பேர் கொண்ட நாடாகச் சுருங்கியது. வடக்கே செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கே ருமேனியா, தெற்கே பிற்பாடு யூகோஸ்லாவியா ஆன நாடு, மேற்கே ஆஸ்திரியாவுக்கு ஒரு துண்டு. பிரிந்துபோன இடங்களில் பெரும்பாலானவர்கள் ஸ்லோவாக்கியர், ருமேனியர், செர்பியர். அவர்களுக்கு அது விடுதலை. அதை மறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அவர்களோடு சேர்ந்து சுமார் 33 லட்சம் ஹங்கேரியர்களும் அந்தப் பக்கம் போனார்கள். அந்த மொழி பேசுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்.

இவர்கள் யாரும் பிழைப்புத் தேடிக் குடிபெயர்ந்தவர்கள் அல்ல. அதே வீடு, அதே கிணறு, அதே கல்லறைத் தோட்டம். எல்லைக்கல்தான் நகர்ந்தது. இன்று உக்ரைனில் இருக்கும் கார்பாத்திய மலையடிவாரத்தில் இதைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். ஒரு கிழவர் சொல்கிறார்: நான் பிறந்தது ஆஸ்திரிய-ஹங்கேரியில், பள்ளிக்கூடம் போனது செக்கோஸ்லோவாக்கியாவில், கல்யாணம் ஹங்கேரியில், வேலை பார்த்தது சோவியத் யூனியனில், இப்போது இருப்பது உக்ரைனில். "அடேயப்பா, நிறைய ஊர் சுற்றியிருக்கிறீர்களே" என்றால், "நான் எங்கே போனேன், இந்தக் கிராமத்தை விட்டு ஒரு அடி நகரவில்லையே" என்பாராம். சிரிப்பு வரும். அதில் ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடப் புத்தகம் மாறியிருக்கும், கச்சேரி மனு எழுதும் மொழி மாறியிருக்கும், தாசில்தார் மாதிரி இருக்கிற ஆள் மாறியிருப்பார் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இந்த மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றியுள்ள மொழிகள் எதோடும் அதற்கு உறவு இல்லை. பின்லாந்து, எஸ்தோனியா பக்கத்து மொழிகளோடு தூரத்து உறவு. நம்மைப் போலவே வேர்ச்சொல்லின் வாலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிற மொழி. "ஹாஸ்" என்றால் வீடு, "ஹாஸ்பான்" என்றால் வீட்டில். உடனே யாரும் ஹங்கேரிய மொழி தமிழிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடாதீர்கள், புண்ணியமாகப் போகும். ஒட்டி ஒட்டிச் சொல் கட்டுவது துருக்கியிலும் உண்டு, ஜப்பானிலும் உண்டு.

தங்கள் மக்களின் பூர்விகம் எங்கே என்று தேடி இந்தப் பக்கம் வந்த ஒரு ஹங்கேரியர் உண்டு. கொரோஷி சோமா சாண்டோர். பெரும்பகுதி நடந்தே வந்தார். தேடியது கிடைக்கவில்லை. அதற்குப் பதில் லடாக் பக்கத்து மடங்களில் திபெத்திய மொழியைக் கற்று, 1834-ல் கல்கத்தாவில் திபெத்திய-ஆங்கில அகராதியை வெளியிட்டார். 1842-ல் டார்ஜிலிங்கில் இறந்தார். அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அவர் பிறந்த கிராமம் இன்று ருமேனியாவில்.

சரி, ஏன் இப்படிக் கோடு போட்டார்கள்? அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன், ஒவ்வொரு இனமும் தன் தலைவிதியைத் தானே தீர்மானிக்கட்டும் என்று பேசிக்கொண்டிருந்த காலம். ஆனால் கோடு போட உட்கார்ந்தபோது மொழிக் கணக்கோடு ரயில் கணக்கும் குறுக்கே வந்தது. ருமேனிய எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். சத்து மாரே, ஒராதியா, அராத், திமிசோவாரா ஆகிய ஊர்களை வடக்கு தெற்காக இணைக்கும் ரயில் பாதை முழுவதும் ருமேனியாவுக்குள் வரவேண்டும் என்று பார்த்தார்கள். அதனால் அந்தப் பாதையோரம் ஹங்கேரியர் நிறைந்த ஊர்களும் சேர்ந்து போயின. வடக்கே டான்யூப் நதியை எல்லையாக வைத்தார்கள். கோமாரோம் என்ற ஊர் நடுவில் நதி ஓடியதால் இரண்டு நாட்டு ஊராகிவிட்டது. கோடு போட்டபோது சோப்ரோன் என்ற நகரத்திலும் அதைச் சுற்றிய சில கிராமங்களிலும் மட்டும் பிற்பாடு, 1921 டிசம்பரில், மக்களைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள். அங்கே ஹங்கேரியோடு இருக்கிறோம் என்றார்கள், அப்படியே விட்டார்கள். மற்றவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆக, அந்தக் கார்க்காரருக்கு வருத்தம் இருக்க நியாயம் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸ்டிக்கரை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

1920 ஜனவரியில் பாரிஸ் மாநாட்டில் ஹங்கேரியின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிப் பேசியவர் ஆல்பர்ட் அப்போனி. பெரிய பேச்சாளர். பிரெஞ்சு, ஆங்கிலம், இத்தாலிய மொழி மூன்றிலும் மாறி மாறிப் பேசினார். மக்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள், வாக்கெடுப்பு வையுங்கள் என்று வாதாடினார். நியாயமான பேச்சு. ஆனால் எதிரே இருந்த ஸ்லோவாக்கியருக்கும் ருமேனியருக்கும் அந்தப் பெயர் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே நன்றாகத் தெரியும். 1907-ல் அவர் ஹங்கேரியின் கல்வி அமைச்சர். அந்த வருஷம் அவர் கொண்டுவந்த பள்ளிச் சட்டத்தை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். ஸ்லோவாக்கிய, ருமேனியப் பிள்ளைகள் நாலாம் வகுப்பு முடிப்பதற்குள் ஹங்கேரிய மொழியில் பேசவும் எழுதவும் தேறியிருக்கவேண்டும் என்று அது சொன்னது. ஆசிரியர்கள் அரசு விசுவாசத்துக்கு உறுதிமொழி எடுக்கவேண்டும். அதற்கும் முன்பே, 1870-களில், ஸ்லோவாக்கிய மொழியில் நடந்த மூன்று உயர்நிலைப் பள்ளிகளை மூடியாகிவிட்டது. அவர்களுடைய பண்பாட்டுச் சங்கமான மாத்திசாவையும் 1875-ல் மூடினார்கள்.

இத்தனைக்கும் 1910 கணக்கெடுப்பின்படி, குரோஷியா நீங்கலாக, அந்த ராஜ்ஜியத்தில் ஹங்கேரிய மொழி பேசியவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். மீதிப் பாதியின் பள்ளிக்கூடத்தில் கை வைத்துவிட்டு, பிறகு "எங்களோடு இருப்பீர்களா என்று அவர்களைக் கேளுங்கள்" என்றால் என்ன பதில் வரும்? கார் ஸ்டிக்கரில் இருக்கும் வரைபடம் அந்தப் பழைய ராஜ்ஜியத்தின் வரைபடம். அதற்குள் ஸ்லோவாக்கியர், ருமேனியர், செர்பியர், ருத்தேனியர் எல்லோரும் இருந்தார்கள். ஸ்டிக்கரில் அவர்கள் இல்லை. 2022 நவம்பரில், பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு இதே வரைபடம் போட்ட துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனார். ருமேனியாவும் உக்ரைனும் கொதித்தன. கொதிக்காதா பின்னே?

அந்த வரைபடத்தை நிஜமாக்கப் பார்த்த கதையும் ஒன்று உண்டு. ஹிட்லரும் முசோலினியும் மத்தியஸ்தம் செய்து 1938-லும் 1940-லும் ஹங்கேரிக்குச் சில பகுதிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வட டிரான்சில்வேனியா வந்தது. தெருவில் பூ தூவி வரவேற்றார்கள். நாலே வருஷம். 1944-ல் அந்த வட டிரான்சில்வேனியாவிலிருந்து மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஹங்கேரிய மொழி பேசியவர்கள், தங்களை ஹங்கேரியர் என்றே நினைத்தவர்கள். 1947-ல் எல்லை பழையபடி ட்ரியனான் கோட்டுக்கே வந்தது. ஸ்லோவாக்கியாவில் மிஞ்சிய ஹங்கேரியர்களுக்குப் போர் முடிந்த கையோடு குடியுரிமையே பறிபோனது. பல்லாயிரம் பேரை எல்லை தாண்டி மாற்றி அனுப்பினார்கள்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். எல்லையை மறுபடி நகர்த்தக்கூடாது. ஆனால் எல்லை நகராது என்பதாலேயே அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் பள்ளிக்கூடம் கட்டாயம் வேண்டும். ஜெயித்த நாடுகள் இதில்தான் தவறின. 1907-ல் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே திருப்பிச் செய்தன.

ருமேனியாவில் கிளூஜ் என்ற ஊர். ஹங்கேரியர் அதைக் கொலோஷ்வார் என்பார்கள். அங்கே போருக்குப் பிறகு போயாய் என்ற பெயரில் ஹங்கேரிய மொழிப் பல்கலைக்கழகம் இருந்தது. 1959-ல் அதை ருமேனியப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். கேட்க நல்ல வார்த்தைதான், "இணைப்பு". அந்த நெருக்கடியில் பேராசிரியரும் கவிஞருமான லாஸ்லோ சபேதி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அறுபது வயது தாண்டாத மனிதர். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகை மாறியதற்காக ஒருவர் சாவாரா என்று கேட்டால், வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தியவனுக்குத்தான் அது புரியும்.

அங்கேயே நல்லதும் நடந்திருக்கிறது. 1989 டிசம்பரில் திமிசோவாராவில் லாஸ்லோ தோகேஷ் என்ற ஹங்கேரிய போதகரை வீட்டைவிட்டு வெளியேற்ற அரசு முயன்றது. அவர் சபை மக்கள் வீட்டைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து ருமேனியர்களும் வந்து சேர்ந்து நின்றார்கள். சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது அங்கே மூண்ட நெருப்பில்தான். ஒரு சிறுபான்மை போதகருக்காகப் பெரும்பான்மை மக்கள் வந்து நின்றதில் ஒரு சர்வாதிகாரியே போனான். இதோடு கதை முடிந்தால் சினிமா மாதிரி இருக்கும். மூன்றே மாதம் கழித்து, 1990 மார்ச்சில், துர்கு முரேஷ் என்ற ஊரில் ருமேனியரும் ஹங்கேரியரும் தெருவில் அடித்துக்கொண்டார்கள். உயிர்கள் போயின. எழுத்தாளர் ஆந்திராஷ் ஷூட்டோவுக்கு ஒரு கண் போயிற்று. தகராறின் வேரில் என்ன இருந்தது தெரியுமா? ஹங்கேரிய மொழியில் பள்ளிக்கூடம் வேண்டும் என்ற கோரிக்கை.

இங்கே ஆசிரியர் என்ற முறையில் ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். ருமேனியாவில் செக்கெய் நாடு என்று சொல்லப்படும் பகுதியில், ஹர்கிதா, கோவாஸ்னா மாவட்டங்களில், ஹங்கேரியர்தான் பெரும்பான்மை. ஒரு பிள்ளை அடுத்த ஊருக்குப் போனாலும் ருமேனிய மொழி காதில் விழாது. அந்தப் பிள்ளைக்கு ருமேனிய மொழியை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? தாய்மொழியாகப் பேசும் புக்கரெஸ்ட் பிள்ளை படிக்கும் பாடத்திட்டத்தை வைத்தே. பேசவே தெரியாத பிள்ளைக்குப் பழைய இலக்கியமும் இலக்கணமும். பிறகு பரீட்சையில் தேறவில்லை என்றால், "பார்த்தீர்களா, இவர்களுக்கு நாட்டு மொழி படிக்க மனசில்லை" என்று பேச்சு. 2011 கல்விச் சட்டத்தில்தான் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கென்று ருமேனிய மொழிக்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள். ட்ரியனான் முடிந்து தொண்ணூறு வருஷம்!

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு என் வகுப்புக்கு வந்த பையன் ஒருவன். ழகரம் வராது, வாக்கியம் தலைகீழாக வரும். மந்தம் என்று முடிவு கட்டி இரண்டு வருஷம் பின் வரிசையில் உட்கார வைத்திருந்தேன். ஒருநாள் அவன் பாட்டி பள்ளிக்கு வந்தபோது அவன் அவரிடம் பேசியதைக் கேட்டேன். என்ன சரளம், என்ன கிண்டல்! அந்தப் பையன் இந்தப் பதிவைப் படிப்பான். அவனிடம் நேரில் ஒருமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். நாட்டு மொழியை அந்தப் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். செக்கெய் நாட்டுப் பையன் ருமேனிய மொழி தெரியாமல் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எப்படிப் போவான்? ஆனால் சொல்லிக்கொடுக்கிறவன் அது அவன் வீட்டு மொழி இல்லை என்பதை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கவேண்டும்.

தாய்நாட்டுக்கும் வருகிறேன், அதை மட்டும் ஏன் விடவேண்டும். 2004 டிசம்பரில், எல்லைக்கு அப்பால் இருக்கும் ஹங்கேரியருக்குக் குடியுரிமை தரலாமா என்று ஹங்கேரியில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. போதுமான பேர் ஓட்டுப் போட வரவில்லை, தோற்றுவிட்டது. அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் பெற்ற தாய் கதவைச் சாத்தியது போல. பிறகு 2010-ல் ஓர்பான் அரசு சட்டத்தை மாற்றியது. ஹங்கேரிக்கு வந்து குடியிருக்காமலே குடியுரிமை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். ஓட்டுரிமையும் வந்தது. இங்கேதான் சூட்சுமம். ஹங்கேரியில் முகவரியே இல்லாத டிரான்சில்வேனியாக்காரர் தபாலில் ஓட்டுப் போடலாம். ஹங்கேரியில் முகவரி வைத்துக்கொண்டு லண்டனில் வேலை பார்க்கிறவர் தூதரகத்துக்கு நேரில் போகவேண்டும். 2014, 2018, 2022 தேர்தல்களில் தபால் ஓட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆளுங்கட்சிக்கு விழுந்தன. பாசம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கணக்கும் இருக்கிறது. இப்படி நடக்கும்போது பக்கத்து நாட்டுக்காரன் தன் ஊர் ஹங்கேரியப் பள்ளியைப் பார்த்தால் பள்ளிக்கூடமாகத் தெரியுமா, கட்சி ஆபீசாகத் தெரியுமா?

ஹங்கேரி சட்டம் போட்ட அதே 2010 மே மாதம் ஸ்லோவாக்கியா பதிலடி கொடுத்தது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கினால் ஸ்லோவாக்கியக் குடியுரிமை போகும். 2011-ல் இதில் மாட்டியவர்களில் ஒருவர் நூறு வயதை நெருங்கிய ஒரு பாட்டி. ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் பிறந்தபோது அந்த ஊர் ஹங்கேரியில் இருந்தது. அதனால் ஹங்கேரியக் குடியுரிமையை வாங்கிக்கொண்டார். அவர் இருக்கும் ஊரின் அரசு, நீ எங்கள் பிரஜை இல்லை என்று காகிதம் கொடுத்தது. அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் ஓய்வூதிய வரிசையில் உயிர்ச்சான்றிதழோடு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அட்சரம் சொல்லிக்கொடுத்தவர்.

உக்ரைன் கதை இன்னும் சிக்கல். 2001 கணக்கெடுப்பில் அங்கே சுமார் ஒன்றரை லட்சம் ஹங்கேரியர். 2017-ல் உக்ரைன் கொண்டுவந்த கல்விச் சட்டம் ஐந்தாம் வகுப்பிலிருந்து உக்ரைன் மொழிக்கே முதலிடம் தந்தது. ரஷ்ய மொழியை மனதில் வைத்து வீசிய கல் ஹங்கேரியப் பள்ளிகள் மேலும் விழுந்தது. கோபப்பட்ட ஹங்கேரி, நேட்டோவோடு உக்ரைன் பேசும் கூட்டங்களையே முடக்கியது. 2022-ல் ரஷ்யா படையெடுத்த பிறகும் இந்த வழக்கு ஓயவில்லை. 2023 டிசம்பரில் உக்ரைன் இறங்கி வந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிகளைப் பேசும் சிறுபான்மையருக்குப் பள்ளியில் சலுகைகளைத் திருப்பிக் கொடுத்தது. இதற்கிடையில் அந்த மலையடிவாரத்து ஹங்கேரியப் பையன்கள் உக்ரைன் ராணுவச் சீருடையில் போர்முனையில் நின்றார்கள். புடாபெஸ்டிலும் கீவிலும் அறிக்கை விட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பையன்களின் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று தெரியும்?

செல்மென்ட்ஸ் என்று ஒரு கிராமம். முழுக்க ஹங்கேரிய மொழி பேசும் ஊர். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் சோவியத் படை நடுவிலேயே எல்லை போட்டது. பெரிய செல்மென்ட்ஸ் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு, சின்ன செல்மென்ட்ஸ் சோவியத் யூனியனுக்கு. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. எட்டிப் பார்த்தால் தெரியும் வீட்டுக்குப் போக விசா வாங்கி எங்கோ சுற்றிக்கொண்டு போகவேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பேசவும் தடை. அதனால் வயலில் வேலை செய்வது போல நின்று, பாட்டுப் பாடுவது போல, வீட்டுச் சேதியை ராகம் போட்டுப் பாடுவார்களாம். காவல்காரனுக்கு ஹங்கேரிய மொழி தெரியாது. யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் போய்விட்டார் என்பதெல்லாம் அப்படித்தான் வேலியைத் தாண்டியது. 2005 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அங்கே ஒரு வாசல் திறந்தார்கள். நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அறுபது வருஷம் கழித்து ஜனங்கள் நடந்து போய் உறவுகளைப் பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்த தீர்வு இந்த அளவில்தான் இருக்கிறது. ஒரு வாசல், இரண்டு மொழியில் ஊர்ப்பலகை, பிள்ளைக்குத் தன் மொழியில் கணக்கும் சரித்திரமும், கூடவே நாட்டு மொழியைப் பேசப் பழக்கும் நல்ல வாத்தியார். பெரிய வரைபடம் கேட்கிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். இருக்கட்டும்.

படிக்கிறவர்களில் சிலருக்கு இந்நேரம் வேறு ஊர்கள், வேறு எல்லைகள் ஞாபகம் வந்திருக்கும். கமெண்டில் அங்கே போய்ச் சண்டை ஆரம்பிக்கவேண்டாம், அதற்குத் தனியாக ஒரு பதிவு போடுவேன். நான் எழுதியதில் ஆண்டோ பெயரோ தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

படம் அனுப்பிய தம்பிக்கு: அந்த ஸ்டிக்கர்காரரிடம் வாக்குவாதம் செய்யாதே, நீ அங்கே வேலைக்குப் போனவன். கான்டீனில் காபி குடிக்கும்போது அவருடைய தாத்தா பாட்டி எந்த ஊர் என்று மட்டும் கேள். கோமாரோமா, கொலோஷ்வாரா, இல்லை இன்னும் கிழக்கேயா. அந்த ஊரில் அக்கம்பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள், அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்றும் கேள். பதில் சொன்னால் எனக்கு எழுது. தூக்கம் குறைந்துவிட்டது, எந்த நேரம் அனுப்பினாலும் பார்ப்பேன்.